கலங்கிய நீரும் தேற்றிய சொல்லும்

பழைய இரும்புக் கடைக்காரர் சாமானைத் தராசில் ஏற்றுவதற்கு முன்பே காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். "இதுல என்னங்க தேறும்?" என்பார். அதே நேரத்தில் ஏதோ ஒரு மருத்துவமனை வராந்தாவில் ஓர் அம்மாள் செல்போனில், "நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை, கொஞ்சம் தேறிட்டாரு" என்று ஊருக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருப்பார். பிளஸ் டூ முடிவு வந்த வீட்டில், "கணக்குலயும் தேறிட்டான்" என்று லட்டு நீட்டுவார்கள். துக்க வீட்டில், "பிள்ளைங்க முகத்தைப் பாத்தாவது மனசைத் தேத்திக்க தாயி" என்பார்கள்.

காசு, உடம்பு, பரீட்சை, மனசு. நான்குக்கும் ஒரே வினை எப்படிப் பொருந்துகிறது?

இந்தக் கேள்வி அகராதிப் பிரியர்களுக்கு மட்டும் உரியதல்ல. ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்கிறவர்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது 'ரீஅஷ்யூர்' என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். பயந்துபோன ஒருவருக்குப் பயத்தைப் போக்கி, இழந்த நம்பிக்கையைத் திரும்பக் கொடுப்பது அதன் பொருள். 'மீண்டும் உறுதியளித்தார்' என்று எழுதினால் அமைச்சர் பேட்டி போல ஆகிவிடுகிறது. 'ஆறுதல் கூறினார்' என்றால் யாரோ இறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. 'தைரியம் சொன்னார்' கிட்டத்தட்டப் பொருந்தும், ஆனால் அதில் ஒரு தோள்தட்டல் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்காகவே செய்துவைத்ததுபோல ஒரு சொல் தமிழில் இருக்கிறது. அதைத் துக்க வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டதால் கைக்கு வருவதில்லை. தேற்று என்பதுதான் அந்தச் சொல்.

பள்ளி இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தது நினைவிருக்கலாம். மாறு – மாற்று, ஏறு – ஏற்று, ஆறு – ஆற்று. அந்த வரிசையில் தேறு – தேற்று. தானே தேறுவது ஒன்று, இன்னொருவரைத் தேறச் செய்வது மற்றொன்று. இதில் ஆறு – ஆற்று ஜோடியைத் தேறு – தேற்று ஜோடியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சுவையான விஷயம் தென்படும். 'ஆற்றித் தேற்றி' என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிச் சொல்லி, இரண்டும் ஒன்று என்ற எண்ணம் வந்துவிட்டது. ஒன்றல்ல. ஆறுவது சூடு. காப்பி ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும். எரிகிற ஒன்றின் வெப்பம் குறைவதே அங்கே படிமம். தேறுவது சூடல்ல, கலங்கல்.

அதைக் காட்ட ஒரு மண்பானை வேண்டும்.

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து ஊருணிகளில் மழை பெய்து புதுத்தண்ணீர் சேர்ந்ததும் நீர் செம்மண் நிறத்தில்தான் இருக்கும். குடத்தில் மொண்டுவந்து அப்படியே வைத்தால் மறுநாள் வரை கூட முழுதாகத் தெளியாது. மணல் உடனே அடியில் தங்கிவிடும். நுண்ணிய களிமண் தங்காது. களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்கித் தள்ளிக்கொண்டு நீரில் மிதந்தபடியே இருக்கும். இதற்குக் கிராமத்தில் ஒரு கைமருந்து உண்டு. தேற்றாங்கொட்டை. பேச்சில் தேத்தாங்கொட்டை. பொத்தான் அளவில், தட்டையான உருண்டையாக இருக்கும் அந்த விதையை மண்பானையின் உட்சுவரில் சொரசொரப்பான இடம் பார்த்து நன்றாகத் தேய்ப்பார்கள். பிறகு தண்ணீரை ஊற்றி மூடிவிடுவார்கள். விதையிலிருந்து கரைந்து வரும் பொருள் துகள்களைத் திரட்டிப் பிடிக்கிறது, திரண்டவை கனத்து இறங்குகின்றன. காலையில் மூடியைத் திறந்தால் மேலே கண்ணாடி போலத் தண்ணீர், அடியில் சேறு. நகரத்துக் குடிநீர் நிலையங்களில் படிகாரம் செய்யும் வேலையும் இதுதான்.

கவனிக்க வேண்டியது ஒன்று. விதை சேற்றை அழிப்பதில்லை. வெளியே எடுத்துப் போடுவதும் இல்லை. பானையில் இருந்த மண் அத்தனையும் பானையிலேயே இருக்கிறது. அது இருக்கவேண்டிய இடத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவே. வேடிக்கை என்னவென்றால், நஞ்சுக்குப் பேர்போன எட்டிமரமும் இந்தத் தேற்றா மரமும் தாவரவியலில் ஒரே பேரினம். அண்ணன் கொல்லுவான், தம்பி குடிநீர் தருவான். இன்னொரு வேடிக்கை பெயரில். இலக்கணப்படி பார்த்தால் 'தேற்றா' என்பது எதிர்மறை வடிவம் போலத் தெரியும். தேற்றாத மரமா தேற்றுகிறது என்று குழம்ப இடமுண்டு. (இலங்கைத் தமிழர் குடிக்கிற தேத்தண்ணிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அது தேயிலைத் தண்ணீர்.)

மனித மனத்துக்கு இந்தப் பானையை உவமையாக்கியது இக்காலத்துக் கட்டுரையாளர் கற்பனை என்று நினைத்துவிடக் கூடாது. கலித்தொகையின் நெய்தற்கலியில், பிரிவால் நிலைகுலைந்து ஊரறிய அழுதும் சிரித்தும் அலைகிற பெண்ணொருத்தி வருகிறாள். காதலன் திரும்பி வந்ததும் அவள் மீள்கிறாள். எப்படி மீண்டாள் என்பதற்குப் புலவர் சொல்லும் உவமை, தேற்றா விதையிட்டுத் தெளியவைத்த கலங்கல் நீர். அந்த மரத்துக்கு அங்கே 'இல்லம்' என்று பெயர். ஆளுக்கும் நீருக்கும் அன்றே ஒரே வினையைப் புழங்கியிருக்கிறார்கள். அந்தப் பெண் சமாதானம் ஆனாள் என்றோ, துயரம் தணிந்தாள் என்றோ அல்ல, தெளிந்தாள் என்றே பாட்டு சொல்கிறது.

தெள், தெளி, தெருள், தெரி, தேர், தேறு என்று இந்தச் சொற்கள் ஒலியிலும் பொருளிலும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. சங்கப் புலவர்கள் அரசர்களிடம் வாங்கிக் குடித்த தேறல்கூட இந்தத் தெருவைச் சேர்ந்ததுதான். கசடு அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்கும் கள். குடித்தால் மயக்குவது தேறல், மயக்கம் போனால் அது தெளிதல். தமிழுக்கு இதில் எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

பழைய தமிழில் தெளிவதும் தேறுவதும் இன்னொரு வேலையும் செய்தன: நம்புவது. திருக்குறளின் 51ஆம் அதிகாரம் 'தெரிந்துதெளிதல்'. அரசன் யாரை நம்பிப் பொறுப்பில் வைக்கலாம் என்பது அங்கே பொருள். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கு வழியிலும் சோதித்துப் பார்த்த பிறகே ஒருவனைத் தேற வேண்டும் என்கிறார் வள்ளுவர். சுற்றம் இல்லாதவரைத் தேறாதே, பழிக்கு அவர் கூசமாட்டார் என்கிறார். இங்கெல்லாம் தேறுதல் என்றால் நம்புதல். ஆராய்வதற்குத் 'தேர்', நம்புவதற்குத் 'தேறு'. இடையின ரகரத்துக்கும் வல்லின றகரத்துக்கும் உள்ள தூரத்தை வைத்து அந்த அதிகாரத்தில் விளையாடியிருக்கிறார். தேர்ந்து தேறு, தேராமல் தேறாதே. இன்றைக்கும் 'தேர்வில் தேறினான்' என்று எழுதும்போது இரண்டு சொல்லும் பழையபடி அடுத்தடுத்து வந்து நிற்கின்றன, எழுதுகிறவர் கவனிப்பதில்லை. 'தேர்ச்சி' முதல் சொல்லின் பிள்ளை, 'தேறினான்' இரண்டாவதின் பிள்ளை.

அதே வள்ளுவர் 'தேற்றாதவர்' என்ற சொல்லை வேறொரு பொருளில் சில இடங்களில் ஆள்கிறார். அங்கே அது 'அறியாதவர்' அல்லது 'இயலாதவர்'. குற்றமற்ற சில சொற்களைச் சொல்லத் தேற்றாதவர்தான் பல சொல்ல ஆசைப்படுவார்கள் என்பது சொல்வன்மையில் வரும் கருத்து. துக்க வீட்டில் அரைமணி நேரம் பேசிவிட்டு எழுந்து போகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆக, தெளிவும் நம்பிக்கையும் தமிழில் ஒரே சொல்லில் பிறந்தவை. அகப்பொருள் இலக்கணம் இதை ஒரு படிவரிசையாகவே வைத்திருக்கிறது. நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் களவுக்கு, அதாவது மணத்துக்கு முந்திய மறைவான காதலுக்கு, 17 வகை சொல்கிறது. அதில் முதலாவது இயற்கைப் புணர்ச்சி. இரண்டாவது வன்புறை. மூன்றாவது தெளிவு. முதற்சந்திப்பு முடிந்ததும் தலைவிக்கு ஓர் அச்சம் வருகிறது, இவன் போய்விடுவானோ என்று. 'பிரியேன்' என்று தலைவன் உறுதி சொல்வது வன்புறை. அதைக் கேட்டு அவள் மனம் தெளிந்து அவனை நம்புவது தெளிவு. ஒருவர் நம்பிக்கை ஊட்டுகிறார், மற்றவர் நம்பிக்கை கொள்கிறார். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்துவைத்திருப்பதைத் தமிழ் இலக்கணம் இரண்டு பேருக்கு இரண்டு துறையாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஊட்டியதாலேயே கொண்டதாக ஆகாது என்பது இதில் அடங்கியிருக்கிறது. குறுந்தொகை போன்ற நூல்களின் துறைக்குறிப்புகளில் தோழி வற்புறுத்துவாள், தலைவி அந்த வன்புறையை ஏற்காமல் எதிர்த்து அழிவாள். உறுதிமொழி கேட்டும் தேறாத பெண்களுக்கென்றே தனித் துறை இருந்திருக்கிறது!

அந்த 'வற்புறுத்து' இன்று என்னவாயிற்று? துறைக்குறிப்புகளில் அதற்கு வலிமை பெறச் செய்தல், 'கலங்காதே, வந்துவிடுவான்' என்று மனத்தை உறுதிப்படுத்துதல் என்று பொருள். இன்று கடன்காரர் வற்புறுத்துகிறார், வீட்டார் கல்யாணத்துக்கு வற்புறுத்துகிறார்கள். தோழியின் கைப்பிடி, கழுத்துப்பிடியாகிவிட்டது. சொற்களுக்கும் இப்படிக் கெட்ட காலம் வருவதுண்டு. தேற்று அவ்வளவு கெடவில்லை, சுருங்கியிருக்கிறது.

சுருங்காத இடங்களும் உண்டு, அவை எதிர்பாராத இடங்கள். முதலாவது இலக்கணம். தொல்காப்பியம் இடையியலில் ஏகாரத்துக்குச் சொன்ன ஐந்து பொருள்களில் முதலாவது தேற்றம். நன்னூல் ஆறு சொல்லும், அதிலும் தேற்றம் உண்டு. ஐயமில்லை, இதுதான் என்று உறுதியாகச் சொல்ல வருகிற 'ஏ'. இரண்டாவது கணக்கு வகுப்பு. பத்தாம் வகுப்புப் பாடநூலில் தேல்ஸ் தேற்றம், பித்தாகரஸ் தேற்றம் என்று படிக்கிற மாணவர் யாரும் அதைப் பாட்டியின் 'மனசைத் தேத்திக்க'வோடு சேர்த்து யோசிப்பதில்லை. ஆனால் கலைச்சொல் ஆக்கியவர்கள் நன்றாக யோசித்திருக்கிறார்கள். செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைப் பற்றி யாராவது வெறுமனே சொன்னால் அது செய்தி. படிப்படியாக நிறுவிக் காட்டி, இனி ஐயப்பட இடமில்லை என்று ஆன பிறகு அது தேற்றம். உறுதியும் விளக்கமும் அங்கே பிரிக்க முடியாதவை. மாணவர்கள் தேற்றத்தை மனப்பாடம் செய்வது வேறு கதை. அது பானையைத் திறக்காமலே தண்ணீர் தெளிந்துவிட்டது என்று எழுதித்தருவது.

மூன்றாவது இடம் விவிலியம். யோவான் நற்செய்தியில் இயேசு தம் சீடர்களை விட்டுப் போகுமுன் அனுப்புவதாகச் சொல்லும் ஆவியானவருக்குப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு வைத்த பெயர் தேற்றரவாளன். கிரேக்கத்தில் அது 'பராக்லேத்தோஸ்', பக்கத்தில் வரும்படி அழைக்கப்பட்டவர் என்று நேர்ப்பொருள். வழக்குமன்றத்தில் உடன் நிற்பவரின் சாயலும் அதற்கு உண்டு. அதே கிரேக்கச் சொல் யோவானின் முதல் நிருபத்தில் வரும்போது, பரிந்து பேசுகிறவர் என்று தமிழ் மாறிவிடுகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பு நற்செய்தியில் 'துணையாளர்' என்று போட்டது. துணையாளர் மூலத்துக்கு நெருக்கம், மறுப்பதற்கில்லை. ஆனால் தேற்றரவாளன் என்ற சொல்லில் ஒரு செயல் இருக்கிறது, பக்கத்தில் நிற்பதோடு நிற்காத செயல். பழைய மொழிபெயர்ப்பாளர்களின் காது எவ்வளவு கூர்மை என்பதற்கு ஏசாயா 40ஆம் அதிகாரத்தின் தொடக்கம் இன்னொரு சான்று. எபிரேயத்தில் அங்கே ஒரே வினை இருமுறை வருகிறது. தமிழில் அதைத் திருப்பிச் சொல்லாமல், முதலில் ஆற்றுவதையும் அடுத்துத் தேற்றுவதையும் வைத்தார்கள். முதலில் சூடு தணியட்டும், பிறகு கலங்கல் தெளியட்டும் என்று வரிசை கொடுத்ததுபோல இருக்கிறது.

'ரீஅஷ்யூர்' என்ற ஆங்கிலச் சொல்லின் குடும்பத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். அதன் அடியில் கிடப்பது 'செக்யூருஸ்' என்ற லத்தீன் சொல். 'செ' என்றால் இன்றி, 'கூரா' என்றால் கவலை. கவலையற்ற நிலைக்குத் திரும்பக் கொண்டுபோவது அந்தச் சொல்லின் இலட்சியம். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே. தமிழ்ச் சொல் அவ்வளவு பெரிய வாக்குறுதி தருவதில்லை. கவலை போய்விடும் என்று சொல்லவில்லை, கவலை அடியில் தங்கும், மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியும் என்கிறது.

இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டா? நாட்டுக்கே நம்பிக்கை போன ஒரு சமயத்தில் நடந்ததைப் பார்க்கலாம். 1933 மார்ச்சில் அமெரிக்காவில் வங்கிகள்மீது ஜனங்களுக்கு நம்பிக்கை போய், பணத்தை எடுக்க வரிசையில் நின்றார்கள். புதிதாகப் பதவியேற்ற அதிபர் ரூஸ்வெல்ட் வங்கிகளுக்கு விடுமுறை விட்டார். மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை இரவு, வானொலியில் கால்மணி நேரத்துக்கும் குறைவாகப் பேசினார். பயப்படாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. வங்கியில் போட்ட பணத்தை அவர்கள் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, வெளியே கடனாகவும் பத்திரமாகவும் போட்டிருக்கிறார்கள், எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் எந்த நல்ல வங்கியாலும் தர முடியாது, எந்த வங்கி எந்த நாளில் திறக்கும், ஏன் அப்படி என்று வீட்டுக் கணக்குப் போல விளக்கினார். எல்லா வங்கியும் திறக்கும் என்றோ, யாருக்கும் நஷ்டமே வராது என்றோ அவர் சொல்லவில்லை. மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியதும் எடுத்த பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். தமிழில் இதற்கு ஒரே சொல்தான். நாட்டைத் தேற்றினார்.

நம் ஊர் அறிவிப்புகளில் 'பொதுமக்கள் பீதியடைய வேண்டாம்' என்று ஒரு வரி வரும். ஏரி உடையப்போகிறதா இல்லையா, எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எந்தத் தெருக்காரர் வெளியேற வேண்டும் என்பது அந்த வரியில் இராது. அதுவரை அமைதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கும் பீதி என்ற சொல்லை நினைவூட்டிவிட்டுப் போவதுதான் மிச்சம். அந்த வரியை ஆற்றுவதிலும் சேர்க்க முடியாது, தேற்றுவதிலும் சேர்க்க முடியாது.

மனநல மருத்துவமும் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தனக்குப் பெரிய நோய் இருக்கிறதோ என்று ஓயாமல் அஞ்சுகிறவர்களும், ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய் உள்ளவர்களும் பக்கத்தில் இருப்பவரிடம் "ஒண்ணும் இல்லைல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். "ஒண்ணும் இல்லை" என்றதும் முகம் மலரும். ஒருமணி நேரத்தில் மறுபடி அதே கேள்வி. பால் சால்கோவ்ஸ்கிஸ், ஹிலரி வார்விக் என்ற இங்கிலாந்து ஆய்வாளர்கள் 1986இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். திரும்பத் திரும்பக் கொடுக்கப்படும் இந்த ஆறுதல் அச்சத்தைத் தீர்ப்பதில்லை, ஊட்டி வளர்க்கிறது என்பது அவர்கள் வாதம். ஆற்றிய காப்பியை மறுபடி அடுப்பில் ஏற்றுவது மாதிரி. அங்கே வேண்டியது, அந்த ஐயம் எப்படிச் சுழல்கிறது என்று நோயாளியே பார்க்கும்படி செய்வது. மருத்துவர்கள் கேஸ் ஷீட்டில் எழுதும் 'ரீஅஷ்யூரன்ஸ்' என்ற குறிப்புக்குள் ஆற்றுவதும் தேற்றுவதும் பிரித்தறியாமல் கலந்துகிடப்பதில் உள்ள சங்கடம் இது.

தமிழ் வாக்கிய அமைப்பே இந்தப் பிரிவைச் சொல்லிவிடுகிறது. ஆறுதல் நான்காம் வேற்றுமையில் வரும்: அவளுக்கு ஆறுதல் சொன்னான். சொல்லிவிட்டுப் போகலாம், ஆறினாளா என்பது அவள்பாடு. தேற்று இரண்டாம் வேற்றுமை கேட்கும்: அவளைத் தேற்றினான். அங்கே அவள் தேறியாக வேண்டும். தேறவில்லை என்றால் வாக்கியம் நொண்டும். அப்போது 'எவ்வளவோ தேற்றிப் பார்த்தும்' என்று ஒரு 'பார்' துணைக்கு வந்தால்தான் நிற்கும். ('ஆறுதல் தேறுதல் சொல்ல ஆளில்லை' என்று பெயர்ச்சொல்லாகவும் புழங்குகிறார்கள். அங்கே தேறுதல், ஆறுதலுக்கு எதுகையாக வந்து உட்கார்ந்ததுபோலத்தான் தோன்றுகிறது.)

துக்க வீட்டில் தேற்றத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். பெரும்பாலும் வயதான அத்தையோ பெரியம்மாவோ. மற்றவர்கள் விதி, கொடுப்பினை என்று பேசிக்கொண்டிருக்க, அவர் வந்ததும் டம்ளரில் ஆறின காப்பியை அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் கொண்டுவந்து, "ரெண்டு வாய் குடிச்சுட்டு அழு" என்பார். குடித்ததும் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "ராத்திரி என்னா சாப்பிட்டாரு? எத்தனை மணிக்கு நெஞ்சு வலிக்குதுன்னாரு? யாரு ஆட்டோ கூப்பிட்டா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். சுற்றியிருப்பவர்களுக்குக் கொடுமையாகத் தோன்றும். ஆனால் அந்தப் பெண் விக்கி விக்கி வரிசையாகச் சொல்லத் தொடங்குவாள். நடுவில் ஓரிடத்தில், "நான் முன்னாலயே கூட்டிட்டுப் போயிருந்தா" என்று உடைவாள். "ஒம்பது மணிக்குத்தானே வலின்னாரு, ஒம்பதரைக்கு ஆஸ்பத்திரில இருந்திருக்கீங்க, இதுக்கு மேல யாரு என்ன பண்ணுவா" என்பார் பெரியம்மா. சேறு எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

காசுக்கும் உடம்புக்கும் பரீட்சைக்கும் இதே கணக்குத்தான் ஓடுகிறது. கசடு போக மேலே நிற்பது எவ்வளவு என்பதே இரும்புக் கடைக்காரரின் கேள்வி. நோயின் கலக்கம் இறங்கி உடம்பு பழைய நிலைக்கு வந்தால் தேறிவிட்டது. சித்த மருத்துவத்தில் 'உடல்தேற்றி' என்றே மருந்துச் செய்கைகளில் ஒரு வகை இருக்கிறது, நோயால் நலிந்த உடம்பை மெல்ல நிலைக்குக் கொண்டுவருபவை. அந்த வகையில் பெயர்பெற்ற ஒன்று தேற்றான்கொட்டை லேகியம். பானையில் தேய்க்கிற அதே விதை.

அதனால் நாட்டு மருந்துக் கடையில் போய்த் தேத்தாங்கொட்டை நூறு கிராம் கேட்டால், கடைக்காரர் டப்பாவைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பதுண்டு.

"தண்ணிக்கா, உடம்புக்கா?"